கடலைப் பார்த்த சுவர்

வீட்டை விற்பதென்றால் முதலில் சுவருக்கு வர்ணம் அடிக்க வேண்டும். ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான், ஐயா. நானும் அதைத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடலோரத்தில் சின்ன ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, கடலைப் பார்த்த ஒரு பெரிய சுவர். அப்பா எனக்கும் அண்ணனுக்கும் பொதுவாக எழுதிவைத்தது. நான் டவுனில் கடை போட்டு நொடித்துப்போனவன். அண்ணன் அங்கேயே இருந்து மீன் பிடித்தார். விற்கலாம் என்று பேசப் போனால் முதலில் சோறு போடுவார். நான் கை கழுவிய பிறகுதான் பதில் வரும்.

"என் உசுரு இருக்கற வரைக்கும் கையெழுத்து போட மாட்டேன்டா. வேற ஏதாவது பேசு."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வருஷா வருஷம் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார். அழகுக்காக இல்லை. வீட்டுக்கு எதிரே கடலில் பாறைகள். நடுவில் ஒரு படகு நுழையும் இடைவெளி. வெள்ளைச் சுவரும், பின்னால் மேட்டில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராகத் தெரிந்தால் படகு சரியாக வருகிறது என்று அர்த்தம். கொஞ்சம் விலகினால் பாறை. அந்த வழியாக வருவது அண்ணன் மட்டும்தான். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன்.

சாயங்காலமானால் கடல்மேல் மூட்டம் இறங்குகிற பருவம் அது. அண்ணி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். அண்ணன் விடியலில் கிளம்பிய பிறகு சுவருக்கு மணல் நிறம் அடித்தேன். வாங்க வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று தரகர் சொன்னார். வேண்டுமானால் அவரையே கேளுங்கள்.

படகு திரும்பும்போது நான் கரையில்தான் நின்றேன். தோளில் துண்டு இருந்தது. எடுத்து வீசியிருக்கலாம். குளிருகிறது என்று போர்த்திக்கொண்டேன். படகு பாறையில் மோதி, அண்ணன் போய்ச் சேர்ந்தார். சொல்லவே நாக்கூசுகிறது, ஐயா.

அண்ணி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "தெரியாமதானே அடிச்ச. நீ என்ன பண்ணுவ, தம்பி" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, விற்பதற்குக் கையெழுத்தும் போட்டார். சோறும் போட்டார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். அப்போதுதான் அவர் ஜன்னல் வழியாக, வீட்டுக்குப் பக்கத்தில் தள்ளி நிற்கும் வலைக் கொட்டகையைப் பார்த்தார்.

"அதுக்கும் வெள்ளை அடிச்சிருக்கியே. சுண்ணாம்பு மிஞ்சிடுச்சா?"

"ஆமா அண்ணி" என்றேன்.

மிஞ்சவில்லை, ஐயா. வீட்டுக்கு அடித்தது மணல் நிறம். அதில் சுண்ணாம்பு எப்படி மிஞ்சும்? மூட்டத்தில் அண்ணனின் கண் ஒரு வெள்ளைச் சுவரைத்தான் தேடும் என்று தெரிந்து, தனியாக வாங்கிக் கலக்கினேன். அன்று காலை முதலில் அடித்ததே அந்தக் கொட்டகைக்குத்தான்.