சஹனின் அந்தப் பக்கம்

எங்கள் வீட்டு ஆண்கள் தனித்தனித் தட்டில் சாப்பிடுவதில்லை. கீழக்கரையிலிருந்து ராயபுரம் வந்து இரண்டு தலைமுறை ஆகியும் சஹன் போகவில்லை. ஒரே பெரிய வட்டத் தட்டு, நடுவில் சோறு, எதிரெதிரே இரண்டு பேர். ஒரு பக்கம் என் கணவர் ரஹீம், மறுபக்கம் அவர் தம்பி தௌசீஃப். அந்தத் தட்டில் ஒருவருக்கு மட்டும் கொழுப்பைச் சேர்ப்பது எப்படி? வெகுநாள் எனக்கு விடை கிடைக்காத கணக்கு அது.

விஷம் வைத்தேன் என்று தௌசீஃபின் மனைவி தஸ்னீம் உங்கள் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறாள். புருஷனைப் பறிகொடுத்தவள், அப்படித்தான் சொல்வாள். நீங்கள் எடுத்துப்போன சால்னாவை எங்கே அனுப்பிச் சோதித்தாலும் அதில் விஷம் இருக்காது. நான் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் ட்யூஷன் எடுப்பவள். வரிசையாகச் சொல்கிறேன்.

ரஹீமுக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை. வருடத்தில் முக்கால்வாசி கடலில்தான். ஒருமுறை லீவு முடிந்து கிளம்பும்போது, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம் என்று கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். குறைத்துக்கொண்டு வா என்றார். அந்த மழைக்காலம் முழுக்க ரஹீம் வீட்டில் இருந்தார். காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார். நான் பாடம் நடத்துவதைக் கதவோரம் நின்று கேட்பார். எனக்குப் புருஷன் என்று ஒருவர் கிடைத்தது அப்போதுதான். பிறகு கொலஸ்ட்ரால் குறைந்தது, போய்விட்டார். அடுத்த லீவில் அது குறையக் கூடாது என்று நினைத்தேன்.

கொலஸ்ட்ரால் என்றதும் எல்லோரும் முட்டையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உடம்பில் இருப்பதில் பெரும்பகுதியை நம் ஈரலே செய்கிறது. ரத்தத்தில் சுற்றுவதைப் பிடித்து உள்ளே இழுப்பதும் அதுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தின் கேட்டுகள் திறந்திருந்தால் லாரிகள் உள்ளே போய்விடும். பாதியை மூடினால் திருவொற்றியூர் தாண்டி வரிசை நிற்கும். வனஸ்பதியும் ஆட்டுக் கொழுப்பும் ஈரலின் கேட்டுகளைக் குறைக்கின்றன. கீரையும் பருப்பும் கொண்டைக்கடலையும் கொஞ்சம் சரக்கைக் குடல் வழியாக வெளியே அனுப்பிவிடும். அவற்றை நிறுத்தினால் அந்த வழியும் அடைபடும். நிற்கிற சரக்கு ரத்தக்குழாயின் சுவருக்குள் ஒதுங்கும். இதில் எனக்கு ஆச்சரியமானது, வலியே கிடையாது. ருசி மட்டும்தான்.

ரஹீம் மறுபடி லீவில் வந்தார். கீரையை நிறுத்தினேன். நெய்ச்சோற்றுக்கு வனஸ்பதி ஊற்றினேன். நெஞ்செலும்போடு வரும் வெள்ளைக் கொழுப்பை ரஹீம் பக்கமாகப் பார்த்து வைத்தேன். ஆனால் சஹனுக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல துண்டு தன் பக்கம் வந்தால் எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். மூத்தவர் கட்டாயம் தள்ளுவார். ரஹீமுக்கு டாக்டர் பயமும் சேர்ந்துகொண்டது.

தௌசீஃப் எங்கள் மாடியில் குடும்பத்தோடு இருந்தவன், எர்ணாவூரில் ட்ரெய்லர் லாரி ஓட்டுபவன். அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"இன்னா காக்கா, எல்லாத்தையும் என் பக்கமே தள்ளிகினு கீற? கப்பல்ல காஞ்ச ரொட்டி துன்றவன் நீ."

"உனக்குத்தான் பல்லு நல்லா கீது. துன்னு நைனா."

"அண்ணி, இந்த சால்னாவுக்கு எர்ணாவூர்லேர்ந்து நடந்தே வரலாம்."

லாரி யார்டில் மருத்துவ முகாம் நடந்தது. தௌசீஃபின் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தஸ்னீம் என்னிடம் கொண்டுவந்தாள். ஒரே சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறாது. சிலருக்குப் பிறவியிலேயே ஈரலின் கேட்டுகள் குறைவு. தாளைப் பார்த்ததும் அவன் அந்த ரகம் என்று புரிந்துகொண்டேன்.

"லாத்தா, இவருக்கு இன்னா குடுக்கக் கூடாது?" என்று கேட்டாள். அக்கா முறையில் என்னை லாத்தா என்பாள்.

முட்டையை நிறுத்தச் சொன்னேன். டாக்டரிடம் போகலாமா என்றாள். மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாது, சாப்பாட்டிலேயே குறைத்துவிடலாம் என்றேன். நம்பினாள். மாடியில் அவனுக்குக் காலையில் போடும் முட்டை தோசையை அன்றோடு விட்டுவிட்டாள். மத்தியானமும் ராத்திரியும் என் சமையல்தானே.

நான் எதையும் மாற்றவில்லை. அப்போதும் ரஹீம் பக்கம்தான் வைத்தேன். முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக வைத்தேன். தள்ளியது அவர் கை. தம்பி படுக்கையில் கிடந்தால் அவர் கப்பல் ஏற மாட்டார் என்று தெரியும். தௌசீஃப் படுத்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

இந்த முறை ரஹீமின் ரத்தம் சுத்தமாக இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார், டிக்கெட்டும் வந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது யார்டிலிருந்து போன். நின்ற வண்டியில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, தௌசீஃப் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கிடந்திருக்கிறான். சுவருக்குள் ஒதுங்கியது வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து, இதயத்துக்குப் போகும் குழாய் அடைபட்டிருக்கிறது. சில நிமிஷ வேலை.

அடக்கம் முடிந்து வந்த ரஹீம், கட்டிய பெட்டியை அவிழ்த்தார்.

"தம்பி புள்ளைங்கள வுட்டுட்டு நான் எங்க போறது மலிகா? இன்மே கப்பல் இல்ல."

இப்போது சஹனில் அவர் மட்டும் உட்காருகிறார். எதையும் எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. அவருக்காகக் கீரையும் பருப்பும் மறுபடி சமைக்கிறேன். நெடுநாள் இருக்க வேண்டியவர்.

நான் கணக்கைத்தான் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அவரைக் கரையில் நிறுத்த அவர் ரத்தத்தைத் தொடவே வேண்டாம். கொழுப்பை அவர் பக்கம் வைத்தால் போதும். பாசத்தில் தம்பி பக்கம் தள்ளுவார். தம்பி செத்தால் வீட்டில் இருப்பார்.