நாலாவது கேள்வியில் நின்ற பேனா

அக்கா: இன்னும் மூணு படி இருக்கு. கைப்பிடி உன் இடது பக்கம். பாத்து இறங்கு. உன்கூட நான் பேசல.

ஆடிட்டர்: பேசாமயே படிக்கணக்கு சொல்லிட்டீங்களேக்கா.

அக்கா: விழுந்து வெச்சா எனக்குத்தானே வேலை! இங்க பெஞ்ச் இருக்கு. உட்காருங்க ஆடிட்டரே.

ஆடிட்டர்: அந்தப் பேரை விடுங்கக்கா. இன்னும் டிகிரியே கைக்கு வரல. இந்த ஒரு பேப்பர்ல ரெண்டு தடவை கவுந்திருக்கேன்.

அக்கா: மூணாவது தடவைக்கும் இன்னைக்கு ஏற்பாடு பண்ணிட்டுத்தானே வந்திருக்கே.

ஆடிட்டர்: கோவமா இருக்கீங்க.

அக்கா: எனக்கென்ன கோவம்? நான் யாரு... ஸ்க்ரைப். கண்ணு தெரியாத பிள்ளை வாயால சொல்லச் சொல்ல எழுதுற கை. கைக்கு எங்கயாவது கோவம் வருமா?

ஆடிட்டர்: வந்துச்சே. கடைசி ரெண்டு பக்கம் பேனாவ அழுத்தி அழுத்தி எழுதினீங்க. டெஸ்க்கே ஆடிச்சு.

அக்கா: அது ஆடற டெஸ்க்.

ஆடிட்டர்: மொதல் ரெண்டு மணி நேரம் ஆடலையே. சரி, சொல்லுங்க. மனசுல வெச்சிருந்தா ராத்திரி பூரா என்னைத் திட்டிக்கிட்டே இருப்பீங்க. இப்பவே திட்டிடுங்க.

அக்கா: அந்த நாலாவது கேள்வி.

ஆடிட்டர்: ம்.

அக்கா: அந்தக் கேஷ் ஃப்ளோ கணக்கு.

ஆடிட்டர்: முடிஞ்சு போச்சு. விடுங்க.

அக்கா: எப்படி விடறது? பதினஞ்சு மார்க்டா! ரெண்டு மாசமா எங்க ஜெராக்ஸ் கடையில, மெஷினுக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து என்ன ஒப்பிச்சே? மெஷின் தேயற கணக்குல காசு கைய விட்டுப் போகாது, அதனால தேய்மானத்த லாபத்தோட கூட்டணும், கூட்டணும்னு... இங்க வந்து 'கழி'ங்கறே!

ஆடிட்டர்: வாய் தவறிடுச்சு.

அக்கா: தவறிடுச்சுன்னா திருத்த வேண்டியதுதானே?

ஆடிட்டர்: அது சரி... தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

அக்கா: எப்படின்னா? நீ கத்தினதக் கேட்டுக் கேட்டுத்தான். கடைக்கு வர்றவங்களுக்கே பாதி மனப்பாடம் ஆயிருக்கும்.

ஆடிட்டர்: அதான் நிறுத்தினீங்களா?

அக்கா: என்னத்த?

ஆடிட்டர்: பேனாவ.

அக்கா: நான் ஒண்ணும் நிறுத்தல. மை சரியா இறங்கல.

ஆடிட்டர்: அக்கா... மை இறங்கலன்னா காகிதத்துல கிறுக்கற சத்தம் வரும். இது சத்தமே இல்லாம நின்னுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினேன். மூணு வர்றதுக்குள்ள எனக்குப் புரிஞ்சிடுச்சு.

அக்கா: என்ன புரிஞ்சுது?

ஆடிட்டர்: கழிக்கக் கூடாது, கூட்டணும்னு.

அக்கா: இரு, இரு. புரிஞ்சுதா? புரிஞ்ச பிறகா 'எழுதுங்கக்கா'ன்னே?

ஆடிட்டர்: ஆமா.

அக்கா: உனக்கு மூளை கீளை பிசகிடுச்சா? அந்த ஆடிட் ஆபீஸ்காரர் இந்தப் பேப்பர் முடிச்சா வேலைன்னு சொல்லி ஒரு வருஷமா சீட்டு ஒதுக்கி வெச்சிருக்கார். மூணாவது தடவையும் போச்சுன்னா அவர் என்ன உனக்கு மாமனா மச்சானா, காத்துக்கிட்டு இருக்க?

ஆடிட்டர்: அதுவா தோணியிருந்தா மாத்தியிருப்பேன்க்கா. உங்க பேனா சொல்லித்தானே தோணுச்சு.

அக்கா: பேனா நின்னா அது சொல்றதா? நான் வாயத் திறந்தேனா? தொண்டையக் கனைச்சேனா?

ஆடிட்டர்: எனக்கு அது போதும். நீங்க கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கறத நான் சத்தத்துலதானே தெரிஞ்சுக்கறேன்.

அக்கா: கடைசியில கணக்கு டேலி ஆகல, இல்ல? அப்பவாவது திருத்தியிருக்கலாமே! கையில இருக்கற காசுக்கும் நீ போட்ட கூட்டலுக்கும் வித்தியாசம் வந்துச்சு. அது நீயே கண்டுபிடிச்சதுதானே, பேனா சொல்லலையே!

ஆடிட்டர்: நானும் யோசிச்சேன். ஆனா தப்பு எங்கன்னு தேட ஆரம்பிச்சா நேரா அந்த வரிக்குத்தான் போவேன். தேடற மாதிரி நடிக்கணும். எனக்கு அது வராதுக்கா... வித்தியாசம் இவ்வளவுன்னு கீழ எழுதச் சொன்னேன்ல, அது போதும்.

அக்கா: போதுமாம்! ரூம்ல இருந்தது மூணே பேரு. நீ, நான், அந்த சூப்பர்வைசர் மேடம். அவங்க குனிஞ்ச தலை நிமிராம ஏதோ எழுதிட்டு இருந்தாங்க. யாருக்குடா தெரியப் போகுது?

மேடம்: தம்பி... கொஞ்சம் இருங்க.

அக்கா: ஐயோ.

மேடம்: ஹால் டிக்கெட்ட டெஸ்க்லயே விட்டுட்டு வந்துட்டீங்க. இந்தாங்க. கைய நீட்டுங்க.

ஆடிட்டர்: ரொம்ப தேங்க்ஸ் மேடம். நீங்களே எடுத்துட்டு வந்தீங்களா?

மேடம்: சூப்பர்வைசர் வேலையே அதானே. பேப்பரைக் கட்டிக் குடுத்துட்டு வர்றேன். எப்படி எழுதினீங்க?

ஆடிட்டர்: ஏதோ எழுதினேன் மேடம்.

மேடம்: நாலாவது கேள்வியில எழுதற சத்தம் நின்னுச்சு.

அக்கா: அது... மை...

மேடம்: ஸ்க்ரைப் உதவி செஞ்சா நான் நிரப்பிக் குடுக்கறதுக்குன்னு ஒரு ஃபார்ம் இருக்கு. அது என் முன்னாடிதான் இருந்துச்சு. அந்தச் சத்தம் நின்னதும் நான் பேனா மூடியக் கழட்டி வெச்சுட்டேன். நீங்க அந்த வரிய மாத்தியிருந்தா இவர் பேப்பர் செல்லாது. ஆனா தம்பி, நீங்க 'எழுதுங்கக்கா'ன்னு சொன்னீங்க. மறுபடி மூடிட்டேன்.

ஆடிட்டர்: தேங்க்ஸ் மேடம்.

மேடம்: எனக்கு எதுக்கு? இருவத்திரெண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன். மூடியத் திரும்ப மூடறதுக்கு எனக்கு அடிக்கடி வாய்க்கறதில்ல... அம்மா, உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கு.

அக்கா: எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை மேடம். அங்க பாத்திருப்பீங்க.

மேடம்: அங்க நான் வந்ததே இல்லையே.

அக்கா: போற வழியில பாத்திருப்பீங்க.

மேடம்: இருக்கும். மானம் இருட்டிக்கிட்டு வருது, நனையாமப் போய்ச் சேருங்க. வரேன் தம்பி.

ஆடிட்டர்: போயிட்டு வாங்க மேடம்... அக்கா, போயிட்டாங்களா?

அக்கா: போயிட்டாங்க... நான் உன் வாழ்க்கையக் கெடுத்திருப்பேன்டா. நல்லது பண்றேன்னு நெனச்சு ஒரேயடியா கெடுத்திருப்பேன்.

ஆடிட்டர்: அதான் கெடலையே. தண்ணி இருந்தா ஒரு வாய் குடிங்க.

அக்கா: இரு, மார்க்கக் கூட்டுவோம். மொதல் கேள்வி, சின்னச் சின்ன பதில், இருவதுக்குப் பன்னெண்டு தேறும். ரெண்டாவதுல ஒம்பது. மூணாவது பாதிலயே விட்டுட்டே, ஏழு. அஞ்சு தொடவே இல்ல. ஆறாவது பெரிய பதில், கஞ்சத்தனமாப் போட்டாலும் பத்து.

ஆடிட்டர்: முப்பத்தெட்டு. பாஸாக ரெண்டு குறையுது.

அக்கா: நாலாவத ஏன் விடறே? ஒரு வரிதானே தப்பு. மெஷின் வித்தது, கடன் வாங்கினது எல்லாம் சரியான எடத்துல வந்திருக்கு. பக்கத்துலயே ஒவ்வொரு தொகையும் எப்படி வந்துச்சுன்னு வொர்க்கிங் போட்டிருக்கோம். வொர்க்கிங் சரியா இருந்தா ஸ்டெப்புக்கு மார்க் குடுத்தே ஆகணும். பாதிக்குக் கீழ போட மாட்டாங்க. எட்டு. மொத்தம் நாப்பத்தாறு. நீ பாஸுடா!

ஆடிட்டர்: வொர்க்கிங்குக்கு ஸ்டெப் மார்க் உண்டுன்னு நான் கடையில ஒப்பிச்சதே இல்லையேக்கா. ஒப்பிச்சேனா?

அக்கா: யாரோ கஸ்டமர் பேசிக்கிட்டாங்க.

ஆடிட்டர்: சரி.

அக்கா: என்ன சரி?

ஆடிட்டர்: ஒண்ணுமில்ல. சரின்னேன்.

அக்கா: அப்படிச் சொல்லாதடா. அதுக்கு நீ பொய்யின்னே சொல்லிடலாம்... யாரும் பேசிக்கல. நான் படிச்சேன். இதே காலேஜ்ல, இதே பி.காம். மூணாவது வருஷம் வரைக்கும்.

ஆடிட்டர்: அப்புறம்?

அக்கா: கல்யாணம் ஆச்சு, விட்டுட்டேன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன். என் வீட்டுக்காரருக்கே அதுதான் தெரியும். ஆனா அது இல்ல. ஆடிட்டிங் பேப்பர்ல பிட்டு அடிச்சு மாட்டினேன். பிட்டு எத்தனை பெருசுங்கறே? பஸ் டிக்கெட் அளவு. சட்டைக் கை மடிப்புல வெச்சிருந்தேன். அதுல எழுதினதுல ஒரு வரி கூட அன்னைக்குக் கேக்கல.

ஆடிட்டர்: படிக்காமப் போனீங்களா?

அக்கா: எல்லாம் படிச்சிருந்தேன்டா. வெறும் பயம். எங்க வீட்ல மொத மொதலா காலேஜ் போனவ, பெயிலாயிட்டா என்ன சொல்வாங்களோன்னு பயம். பிடிச்சதும் அழக்கூட வரல. ஃபார்ம்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். அந்த மேடம் ரொம்ப மெதுவாத்தான் பேசினாங்க. இன்னைக்குப் பேசின மாதிரியே.

ஆடிட்டர்: இவங்களேவா?

அக்கா: இவங்களேதான். அன்னைக்கு முடி நரைக்கல. காலையில உள்ள நுழைஞ்சு பாத்ததும் எனக்குத் திரும்பி ஓடிடலாம்னு இருந்துச்சு. உன் தோளப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன்ல, ஞாபகம் இருக்கா?

ஆடிட்டர்: எனக்குத் தைரியம் சொல்றீங்கன்னு நெனச்சேன்.

அக்கா: எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மூணு வருஷம் பரீட்சை எழுதக் கூடாதுன்னு தண்டனை. அந்த மூணு வருஷம் முடிஞ்சுது. அதுக்குமேல பதினோரு வருஷம், நானே எனக்குப் போட்டுக்கிட்டேன்.

ஆடிட்டர்: அக்கா...

அக்கா: இரு, சொல்லி முடிச்சுடறேன். ஸ்க்ரைபுக்கு அந்தப் பாடம் தெரிஞ்சிருக்கக் கூடாதுன்னு விதி. நான் பள்ளிக்கூடத்தோட நின்னவள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்கிட்டயும் அப்படியே சொன்னேன். உன்னை ஏமாத்தினேன்.

ஆடிட்டர்: ஏமாத்தல.

அக்கா: அட, நானே சொல்றேன்...

ஆடிட்டர்: எனக்குத் தெரியும்க்கா. மொத வாரமே தெரியும்.

அக்கா: என்னது?

ஆடிட்டர்: என் புத்தகத்த ஸ்கேன் பண்ணிக் குடுத்தீங்கல்ல. எனக்கு வாசிச்சுக் காட்டற கம்ப்யூட்டர் அதுல ஒரு அட்டவணைய ஒழுங்கா வாசிக்கல, நீங்களே படிச்சுக் காட்டுங்கன்னேன். தெரியாதவங்க யாரா இருந்தாலும் ஒரு வரிய இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் படிப்பாங்க. டெபிட்டும் கிரெடிட்டும் கலந்து வரும். எங்கம்மா அப்படித்தான் படிப்பாங்க. நீங்க இடது பக்கத்த மேலேருந்து கீழ வரைக்கும் முடிச்சீங்க. கூட்டுத்தொகை சொன்னீங்க. மூச்சு விட்டீங்க. அப்புறம்தான் வலது பக்கம் போனீங்க.

அக்கா: அடப்பாவி.

ஆடிட்டர்: வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனேன்.

அக்கா: தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைக் கேட்டியா?

ஆடிட்டர்: மொத தடவை வந்த ஸ்க்ரைப் எல்லா நம்பரையும் ஒரே வரிசையில எழுதி வெச்சிட்டார். ரெண்டாவது ஆளு வரிக்கு வரி 'இத எங்க போடறது, மேலயா கீழயா'ன்னு கேட்டே நேரத்த முழுங்கிட்டாங்க. கோடு போடத் தெரிஞ்ச கை ஒண்ணு கெடைச்சா போதும்னு பேராசை வந்துடுச்சு. அந்த ஃபார்ம்ல நீங்க கையெழுத்துப் போடறப்ப நானும் வாய மூடிட்டுத்தானே இருந்தேன்? அந்தப் பொய்யில எனக்கும் பாதி. அதனாலதான்க்கா, பேனா நின்னதும்... இன்னும் ஒண்ணு முழுங்க என்னால ஆகல.

அக்கா: இத்தனைய மனசுல வெச்சுக்கிட்டா ரெண்டு மாசமா ஸ்டூல்ல உட்கார்ந்து ஒப்பிச்சே?

ஆடிட்டர்: நான் வேணும்னே தப்பா ஒப்பிச்சா ஜெராக்ஸ் மெஷின் நின்னுடும். சரியா சொன்னதும் மறுபடி ஓடும். நல்லாத்தான் இருந்துச்சு.

அக்கா: ஒதை வாங்கப் போறே.

ஆடிட்டர்: ஒண்ணு மட்டும் புரியலக்கா. நான் மொதல்ல கேட்டப்ப 'ஐயோ, ஆள விடுப்பா'ன்னீங்க. மறுநாள் நீங்களே கூப்பிட்டு வர்றேன்னீங்க. இத்தனை பயம் இருக்கறப்ப, எதுக்கு வந்தீங்க?

அக்கா: எனக்கு வேற வழி தெரியலடா. அந்தக் கட்டடத்துக்குள்ள போய் மூணு மணி நேரம் உட்கார முடியுதான்னு பாத்துக்கணும்.

ஆடிட்டர்: எதுக்கு?

அக்கா: திங்கக்கிழமையிலேருந்து கடைக்கு வர்றதா இருந்தா ஆறு மணிக்குள்ள வந்துடு. அதுக்குமேல ஷட்டர் போட்டிருக்கும். இன்னும் வீட்ல கூடச் சொல்லல, இன்னைக்குப் போய்தான் பிட்டுலேருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லணும்... ஆறரைக்கு எனக்கு இதே கட்டடத்துல மாலை வகுப்பு. பி.காம், முதல் வருஷம்.