தை அமாவாசைக் கண்டம்

இன்று உங்கள் ஸ்டேஷனுக்கு வர ஏறிய பஸ்ஸில் கூட்டமே இல்லை, மேடம். கடமலைக்குண்டிலிருந்து தேனி வரைக்கும் உட்கார்ந்தே வந்தேன், அதுவும் ஜன்னலோரம். கண்டமனூர் தாண்டியதும் காற்று சுகமாக இருந்தது. கொஞ்சம் கண்ணயர்ந்துகூட விட்டேன்.

என் பெயர் நாகஜோதி. குறிகாரர் தவசியிடம் வேலை பார்த்தவள். அவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். தை அமாவாசையில் தனக்குக் கண்டம் என்று தன் வாயாலேயே சொல்லி, அதே நாளில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தவர். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சமாதி கட்ட ஊரில் வசூல் நடக்கிறது. சொன்ன நாளில் உயிரை விட்ட மகானாம். அந்தப் பேச்சைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. அவர் சொன்னது எதுவும் தானாகப் பலிக்கவில்லை, மேடம். நான்தான் பலிக்க வைத்தேன்.

எனக்கு முனீஸ்வரி என்று ஒரு தங்கச்சி. அம்மா அப்பா போன பிறகு நான்தான் வளர்த்தேன். ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்தேன். மாப்பிள்ளை நல்ல பையன், ஆனால் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். கல்யாணமான வருடமே மாமனார் விபத்தில் செத்தார். அடுத்து ஒரு சினைமாடு செத்தது. மாமியார் சுருளியம்மாள் கடமலைக்குண்டுக்குப் போய்த் தவசியிடம் குறி கேட்டு வந்ததாகச் சொன்னாள். இவள் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இருக்கும் வரை அடுத்த உயிர் மகனுடையதுதான் என்று குறியில் வந்ததாம். முனீஸ்வரி அதை அப்படியே நம்பினாள். புருஷன்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. என்னிடம் வந்துவிடு என்று போனில் சொன்னேன்.

"எங்கன இருந்தாலும் நான் அவுக பொண்டாட்டிதானக்கா" என்றாள்.

மறுநாள் பருத்திக்கு அடிக்க வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாள். அவன் இப்போது வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான்.

பழி தீர்க்கத்தான் தவசியிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கொல்வதென்றால் முதல் வாரமே அவரைக் கொன்றிருக்கலாம். அது எனக்குப் போதவில்லை. என் தங்கச்சியைக் கொன்றது மருந்து இல்லை. ஒரு வாக்கை நம்பினாள், அந்த நம்பிக்கை கொன்றது. அவரும் ஒரு வாக்கை நம்பி, அதைப் பார்த்து நடுங்கி நடுங்கித்தான் சாக வேண்டும் என்று நினைத்தேன். அதில் ஒரு சிக்கல் இருந்தது. குறியில் துளிகூட நம்பிக்கையில்லாத ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான். வருகிறவர்களிடம் முன்னாடியே பேச்சுக் கொடுத்து, வீட்டுக் கதையைக் கறந்து அவர் காதில் போடுவதுதான் என் வேலையே.

அவருக்கு யூடியூப் சேனல் ஒன்று இருந்தது. உலகத்துத் தீர்க்கதரிசிகளைப் பற்றி வாரா வாரம் பேசுவார். படித்து எழுதிக் கொடுப்பவள் நான். நாஸ்ட்ரடாமஸ் நாலு நாலு வரியாக எழுதி வைத்துவிட்டுப் போனார். எங்காவது ஏதாவது நடந்த பிறகு ஜனங்கள் அந்த வரிகளைப் புரட்டி, இதோ இருக்கிறது பார் என்கிறார்கள். அமெரிக்காவில் எட்கர் கேசி என்று ஒருவர், கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே குறி சொல்வாராம். பல்கேரியாவில் பாபா வங்கா என்று கண் தெரியாத ஒரு பெண்மணி. அவள் சொன்னதாக உலகம் சொல்வதில் எத்தனையோ அவள் வாயிலிருந்து வந்ததற்கு அத்தாட்சியே இல்லை. தவசி இதையெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டு பேசிவிட்டு, கேமராவை அணைத்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். பொல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்.

முதலில் பூமாரி வீட்டு வைக்கோல்படப்பு. அவள் குறி கேட்க வந்தபோது, நெருப்பு காட்டுது என்று தவசி வாய்க்கு வந்ததைச் சொன்னார். அந்த வாரமே அது எரிந்தது. மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போன பிறகுதான் நெருப்பு வைத்தேன், அந்த அளவுக்கு இரக்கம் எனக்கு உண்டு. அதன் பிறகு சின்னச் சின்னதாகச் சிலது. அவர் சொல்வார், நடக்கும். அவர் கண்ணடிப்பது நின்றுபோனது.

ராக்கையா பக்கத்துத் தோப்புக்காரர். குறியை நம்பாதவர், டீக்கடையில் உட்கார்ந்து தவசியைக் கிண்டல் பண்ணுவார். ஒரு வெள்ளிக்கிழமை அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தவசிக்குக் கோபம் தலைக்கேறி, உனக்குத் தண்ணீரில்தான் கண்டம் என்று சொல்லிவிட்டார். ராக்கையா சிரித்துக்கொண்டே போனார். வயதானவர், மேடம். முழங்கால் வலி வேறு. மறுவாரம் காலையில் மோட்டார் போடக் கிணற்று மேட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்து, சாப்பிட்டியாத்தா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். மோட்டாரைப் போட்டுவிட்டு உள்ளே குனிந்து பார்த்தார். அதிகம் சத்தம் வரவில்லை. போகும்போது மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் போனேன், தண்ணீர் வீணாகக் கூடாது பாருங்கள்.

அன்றைக்குத் தவசி சாப்பிடவில்லை. "நெசமாவே எனக்குள்ள என்னமோ இருக்குத்தா" என்றார். எனக்கு அப்போதே பாதி வேலை முடிந்துவிட்டது.

பிறகு அவருக்குக் கார்டானோ என்பவரின் கதையைச் சொன்னேன். இத்தாலியில் அந்தக் காலத்து டாக்டர், ஜோசியமும் பார்ப்பவர். தன் சாவுக்குத் தானே நாள் குறித்தாராம். அந்த நாள் நெருங்கியும் உடம்பு திடமாக இருக்கவே, வாக்கு பொய்க்கக் கூடாதென்று பட்டினி கிடந்து செத்தாராம். நிஜமோ கட்டுக்கதையோ, தவசிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வீடியோவாகப் போட்டார். அதன் கீழே, ஐயா உங்கள் நாள் எது என்று ஜனங்கள் விடாமல் கேட்டார்கள். பல பெயர்களில் கேட்டவர்களில் முக்கால்வாசி நான்தான். கடைசியில் ரோஷப்பட்டு, தை அமாவாசையில் எனக்குக் கண்டம், நேரலையில் விரதம் இருந்து பரிகாரம் பண்ணி அதைத் தாண்டிக் காட்டுகிறேன் என்று அறிவித்துவிட்டார்.

அறிவித்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தார். யாராவது கதவைத் தட்டினால்கூடத் திடுக்கிடுவார்.

"ஒண்ணும் ஆயிராதுல்லத்தா?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னது எதுய்யா பலிக்காமப் போயிருக்கு?" என்றேன்.

அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வயிறு நிறைந்தது. முனீஸ்வரி செத்ததிலிருந்து அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போடுவது நான்தான். சாப்பிடாத உடம்புக்கு அந்த ஊசி ஆகாது என்று எனக்குப் போடக் கற்றுக்கொடுத்த நர்ஸம்மாவே சொல்லியிருந்தாள். தை அமாவாசையன்று பச்சைத் தண்ணீர்கூட இல்லாத விரதம். இருந்தும் போட்டேன், வழக்கத்தைவிடத் தாராளமாக. நேரலை ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சுக் குழறியது. அருள் வந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் கும்பிட்டார்கள். போனைப் பிடித்திருந்த அவருடைய அக்காள் மகன் அருண்பாண்டி பயந்துபோய் எழுந்தான். தொடாதே, பரிகாரம் கலைந்துவிடும் என்று நான்தான் உட்கார வைத்தேன். தவசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்பது நியாயம்தான். தங்கச்சியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தையாவது கேட்டாயா என்கிறீர்கள். அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் கேட்டேன். யாருக்காகச் சாகிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

"எம் பேரச் சொல்லி ஊர்ல ஆயிரம் பேசுவாக தாயி. அந்த வீட்டுக்காரவுக எங்கிட்ட வந்ததே இல்ல" என்றார்.

சும்மா விடக்கூடாதென்று மறுநாளே ஆண்டிபட்டிக்குப் போய் சுருளியம்மாளையே கேட்டேன். அவள் மறைக்கவில்லை. வயதாகிவிட்டது, இனி யாருக்குப் பயம்? "நான் எங்கன குறி கேக்கப் போனேன்? அந்த மனுசன் பேரச் சொன்னாத்தான் எம் மகன் கேப்பான், அதான் சொன்னேன்" என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாக யோசித்துப் பார்த்தேன், மேடம். அவசரப்படவில்லை. தவசி அப்படிச் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டால், ராக்கையா எதற்காகச் செத்தார்? சும்மா செத்தார் என்று ஆகிவிடும். ஒரு பாவமும் அறியாத மனிதர், சாப்பிட்டியா என்று கேட்டவர். அவர் சாவை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் தவசிதான் சொன்னார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.