ரிலீஸ் வரைக்கும் தாடி

— தாடி எங்கடா?

— எடுத்துட்டேன்க்கா.

— எடுத்துட்டேன்னா? எடுத்து எங்க வெச்சிருக்க?

— எடுத்து வெக்க அது என்ன பல்செட்டா? ஷேவ் பண்ணிட்டேன். தண்ணியோட போச்சு.

— அடப்பாவி! நாளைக்கு ராத்திரி உன் பாட்டு ரிலீஸ். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அரங்கத்து வாசல் பேனருக்குப் படம் போயாகணும். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைச்சுட்டு வந்து நிக்கிறியே! மொழுமொழுன்னு, உரிச்ச முட்டை மாதிரி!

— ஒரு தாடிக்கு இவ்வளவு கத்தணுமாக்கா? கீழ சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார்.

— பார்க்கட்டும். ஒரு தாடியா? அந்தப் பெட்டியத் திற. என்ன இருக்கு?

— டி-ஷர்ட்.

— அதுல?

— என் தாடி.

— இந்தப் பெட்டியில?

— காப்பி கப்பு. இதுலயும் என் தாடி. அக்கா, மனுஷன் வாய் வெச்சுக் குடிக்கிற இடத்துல முடிய ஏன்க்கா போட்ட?

— டிக்கெட்ல தாடி. ஸ்டிக்கர்ல தாடி. தம்ப்நெயில்ல தாடி. பாட்டோட பேருக்குக் கீழகூட முடி தொங்குது பாரு, அந்த எழுத்த வரையவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. நாளைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ரப்பர் பேண்டு வெச்ச காகிதத் தாடி குடுக்கப்போறோம். கூட்டம் முழுக்கத் தாடி. மேடையில நீ மட்டும் பச்சப்புள்ள!

— பொண்டாட்டி விட்டுட்டுப் போன துக்கத்துல தானா வளர்ந்த தாடிக்கா அது. நீ அதை வெச்சுக் கடை போட்டுட்ட.

— நான் கடை போடலன்னா உன் துக்கம் உங்க மொட்டைமாடியத் தாண்டியிருக்காது. வீடியோவுல பார்த்த மூஞ்சிய பஸ் ஸ்டாப்புல பார்க்கணும். பஸ் ஸ்டாப்புல பார்த்தத டிக்கெட்ல பார்க்கணும். ஒரே மூஞ்சி, ஒரே சட்டை, ஒரே சாம்பல் செவுரு. அந்தச் சாம்பலுக்காக இந்த வாடகை ரூமுக்கே வெள்ளைய மறைச்சுப் பெயிண்ட் அடிச்சு வீட்டுக்காரர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒண்ணே ஒண்ணு மாறினாலும் 'இவன் எவன்டா'ன்னு அவனவன் போயிட்டே இருப்பான்.

— ஒரே மூஞ்சி, ஒரே மூஞ்சி. தூக்கத்துல கூட இதுதான் கேக்குது.

— பாட்டுக் கம்பெனிக்காரர் என்ன சொல்லியிருக்கார்? இது சரியா அமைஞ்சா, இனிமே அவங்க பண்ற எல்லாப் பாட்டுக்கும் படவேலை எனக்கு. சொதப்பினா நான் மறுபடி இருமல் மருந்துப் பெட்டிக்கு எழுத்து வரையப் போகணும். 'நன்றாகக் குலுக்கிப் பயன்படுத்தவும்.' வருஷக்கணக்கா அதைத்தான் வரைஞ்சேன். இன்னொரு தடவை என்னால குலுக்க முடியாதுடா.

— வீடியோவுலேர்ந்தே ஒரு படத்த எடுத்துப் பெருசு பண்ணிக்கோயேன்.

— போஸ்டருக்கே அதைத்தான் எடுத்தேன். அந்தத் துண்டுப் படத்த மூணு மாடி உயரத்துக்கு இழுத்தா தாடி தெரியாது. கட்டம் கட்டமா செங்கல்தான் தெரியும்.

— அப்போ கம்ப்யூட்டர்ல தாடி வரைஞ்சுடு.

— அவ்வளவு பெரிய மூஞ்சியில ஒவ்வொரு முடியும் விளக்குமாத்துக் குச்சி தண்டி இருக்கும். வரைஞ்சதுன்னு குழந்தைகூடச் சொல்லிடும். தாடைய நீட்டு. நாடகக்காரர்கிட்ட ஒட்டுத் தாடி ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்.

— அக்கா, இது வெள்ளையா இருக்கே!

— தாத்தா வேஷத்துக்கு வெச்சிருந்தாராம். மை அடிச்சுக்கலாம். ஆடாத.

— அரிக்குதுக்கா.

— அரிக்கட்டும், அப்பதான் சோகம் வரும்.

— சோகம் வரல, தும்மல்தான்... ஹச்!

— போச்சு! பாதி தாடி லைட்டுல போய் ஒட்டிக்கிச்சு. கருகுது பாரு, சுவிட்ச அமத்து! ச்சே, என்ன நாத்தம். எதுக்குடா எடுத்துத் தொலைச்ச? அதையாவது சொல்லு.

— குத்துதுன்னு சொன்னா.

— யாரு? என்னடா இளிக்கிற? யாரு சொன்னா?

— அவதான்க்கா. வந்துட்டா! நேத்து சாயங்காலம் கதவத் தட்டுற சத்தம். திறந்தா பெட்டியோட நிக்கிறா.

— நேத்தா? நாளன்னிக்குத்தானே...

— என்ன நாளன்னிக்கு?

— நாளன்னிக்குன்னா ரிலீஸ் முடிஞ்சிருக்கும்ல. அதுக்கப்புறம் வந்திருந்தா என்ன குடி முழுகிடும்னு கேட்டேன்.

— நீதானேக்கா 'அவ வரமாட்டா, மறந்துடு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்த?

— ஆறுதலுக்குச் சொன்னேன்.

— அதுல என்னக்கா ஆறுதல்?

— எதிர்பார்த்தாதானே ஏமாத்தம். விடு. தாடி போனாப் போகட்டும், கதைய மாத்திக்கலாம். துக்கம் முத்திப்போய் வழிச்சுட்டான்னு வெச்சுக்குவோம். அந்தக் காகிதத் தாடிய கையில பிடிச்சுக்கோ. ஆனா கண்ணும் மூஞ்சியும் வீடியோவுல இருந்த அதே கண்ணு, அதே மூஞ்சி. செவுத்துக்கிட்ட நில்லு. லைட்டப் பாரு. சோகமா.

— இப்படியா?

— இது பல்வலி.

— இது?

— இது லாட்டரி விழுந்தத வெளிய சொல்லாம திரியிறவன் மூஞ்சி. வாய மூடு.

— மூடித்தான்க்கா இருக்கேன். அதுவா விரியுது.

— அப்பா செத்துட்டதா நினைச்சுக்கோ.

— அய்யய்யோ, அப்பா நல்லா இருக்காருக்கா!

— அப்போ அவர் போன்ல பேசுறத நினைச்சுக்கோ.

— ...

— ம், கொஞ்சம் தேவல. அப்படியே... போச்சு, மறுபடி பல்லு. எதைடா நினைச்ச?

— ராத்திரி அவ என் கன்னத்தத் தடவிப் பார்த்து...

— போதும்! நான் உன் அக்கா. அந்தச் சாம்பல் சட்டைய மாட்டு. சட்டையாவது அதே சட்டையா இருக்கட்டும்.

— அதை வீட்டுலயே மறந்துட்டேன். அவ எடுத்துட்டு வர்றேன்னா. இதோ, படியில செருப்புச் சத்தம்.

— வந்துட்டேங்க. அப்பப்பா, என்ன செங்குத்துப் படி! அண்ணி, நல்லா இருக்கீங்களா? இளைச்சுட்டீங்களே. இந்தாங்க சட்டை.

— வாம்மா. இது என்ன, மடிப்புக் கலையாம இருக்கு?

— துவைச்சு இஸ்திரி போட்டேன் அண்ணி. பாக்கெட்டுக்குக் கீழ ஒரு காப்பிக் கறை இருந்துச்சு, லேசுல போகவே இல்ல. ஊறவெச்சு, எலுமிச்சம்பழம் தேய்ச்சு, ஒரு வழியா எடுத்துட்டேன். எங்கன்னே தெரியல பாருங்க!

— அந்தக் கறையத்தாம்மா நான் அத்தனை டி-ஷர்ட்லயும் அச்சடிச்சு வெச்சிருக்கேன்!

— கறையவா? காசு குடுத்தா?

— நீ போன அன்னிக்கு இவன் மேல கொட்டிக்கிட்ட காப்பி அது! பாட்டுல ரெண்டாவது சரணமே அந்தக் கறைதான்!

— அவள ஏன்க்கா திட்டுற? அழுக்குச் சட்டைய துவைச்சது ஒரு குத்தமா?

— ஒருத்தன் தாடிய எடுத்துட்டு வர்றான், ஒருத்தி கறைய எடுத்துட்டு வர்றா. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து என் பொழப்பத் துவைச்சுக் காயப்போட்டுட்டீங்க. ஏம்மா, உனக்கு இன்னும் ரெண்டே நாள் பொறுக்க முடியலையா?

— பொறுத்தேனே அண்ணி. மழைக்காலம் முழுக்கப் பொறுத்தேனே. நேத்து வேலை முடிஞ்சு பஸ் ஏறினேன். ஸ்டாப்புல உங்க போஸ்டர். அடுத்த ஸ்டாப்புலயும் அதே. முன்னாடி போற பஸ் முதுகுலயும் அதே. எங்க திரும்பினாலும் இவர் அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்னையே பார்க்கிறார். அதுக்கு மேல என்னால ஒரு ஸ்டாப்பு கூடத் தாங்க முடியல அண்ணி. இறங்கிப் போய்ப் பெட்டியக் கட்டிட்டேன்.

— பார்த்தியாக்கா, ஒரே மூஞ்சின்னு நீ செஞ்சது நல்லாவே வேலை செஞ்சிருக்கு! ஆமா, நீ எதுக்கு மழைக்காலம் முழுக்கப் பொறுத்த?

— பேச்சு அப்புறம். வெளிச்சம் போகுது. செவுத்துக்கிட்ட நில்லுடா.

— இரு அக்கா. நீ சொல்லு, எதுக்குப் பொறுத்த?

— என்னங்க இப்படிக் கேக்குறீங்க? நீங்க சொன்னதுக்குத்தான்.

— நான் என்ன சொன்னேன்?

— ஷூட்டிங் முடிஞ்ச மறுநாளே அண்ணிக்கு போன் பண்ணினேன்ல. உங்களுக்கே பண்ண வெக்கமா இருந்துச்சு, சண்டை போட்டுட்டுப் போனவ நானு. 'திரும்பி வர்றேன், அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க அண்ணி'ன்னேன். சாயங்காலமே கூப்பிட்டு நீங்க சொன்னதாச் சொன்னாங்க.

— என்னன்னு?

— 'பாட்டு வெளிய வர்ற வரைக்கும் வர வேணாம், போனும் பண்ண வேணாம். என் மூஞ்சி மாறக்கூடாது'ன்னு. எனக்கு அழுகையா வந்துச்சு. ஆனா உங்களுக்குப் பாட்டுதானே எல்லாம், சரின்னு இருந்துட்டேன். நேத்து அதைக் கேக்கலாம்னு வாயெடுத்தேன். பழசப் பேசாதன்னு நீங்கதான் வாயப் பொத்தினீங்க. ஏங்க, அண்ணிய ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நீங்க சொல்லலையா?

— அக்கா.

— ம்.

— அந்த மழை பூரா நான் இதே சோபாவுலதானேக்கா கிடந்தேன். 'ஒரு போன் கூடப் பண்ணலையேக்கா அவ'ன்னு உன் மடியிலதானே தலைய வெச்சு அழுதேன்.

— ஆமாடா.

— நீ தலையத் தடவிக்கிட்டே, 'தாடிய மட்டும் எடுக்காதடா'ன்ன.

— சொன்னேன். எல்லாத்தையும் நான்தான் சொன்னேன். திட்டு, அடி, அப்பாகிட்ட சொல்லு, இனி என் வீட்டுப் படியே ஏறாத, எல்லாம் அப்புறம். இப்போ மட்டும் அசையாதடா கண்ணா. அந்த மூஞ்சி வந்துடுச்சு.