ரெண்டாவது சரணம்

— எதையும் அமுக்காதீங்க மாமா. நான் சொல்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க.

— கட்டிட்டேன் டீச்சரம்மா.

— போன் எங்க இருக்கு?

— கம்ப்யூட்டர்மேல சாய்ச்சு வச்சிருக்கேன், ஸ்பீக்கர்ல. உன் குரல் வீடு பூரா கேக்குது. உன் அக்காவுக்குத்தான் கேக்கல.

— அப்படிப் பேசாதீங்க.

— பின்ன எப்படிப் பேசறது? காது மிஷின் போட்டு ஒரு மாசம் ஆகப் போகுது. நான் பேசினா தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு உலுக்கற மாதிரி இருக்காம். டிவி போட்டா எழுந்து போயிடறா. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் போட்டுக்குவாளாம். நாளைக்குப் பெட்டியில வச்சு மூடி, காது டாக்டர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுவாளாம். 'கேக்காமலே பழகிட்டேன், என்னை விட்டுடுங்க'ங்கறா.

— அதுக்குத்தானே மாமா அந்தப் பாட்டு. அவ சொந்தக் குரல் ஆச்சே. அதைக் கேட்டா மனசு மாறிடும்.

— நானும் அப்படி நெனச்சுத்தான் அலைஞ்சேன். நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடப் போட்டியில பாடினது, உங்கப்பா டேப்ல பிடிச்சு வச்சது. கடையில குடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வாங்கிட்டு வந்தாச்சு. வந்து என்ன பிரயோஜனம்? பாட மாட்டேங்குதே!

— முதல் பரிசு கை நழுவிப் போன பாட்டு மாமா அது. ரெண்டாவது சரணத்துல அக்கா சுருதியை விட்டுட்டா.

— அவளைக் கேட்டா நீதான் விட்டேங்கறா.

— அவ அப்படித்தான் சொல்லுவா. பாட்டு ஓடட்டும், தெரிஞ்சுடும். திரையில இப்ப என்ன இருக்கு?

— 'நீங்க கேட்ட ஃபைல் இல்லை'ன்னு ஒரு பெட்டி வந்துச்சு. கீழ ஓகேன்னு இருந்துச்சு. அமுக்கிட்டேன்.

— கையைக் கட்டச் சொன்னேனே!

— பழக்கதோஷம்மா. இது எதைக் கேட்டாலும் நான் ஓகேன்னுடுவேன். உன் அக்காகிட்டயும் அதே வழிதான், அதான் வீட்டுல சண்டையே இல்ல.

— அந்தப் பாட்டை முதல்ல எங்க வச்சிருந்தீங்க?

— கண்ணுக்கு நேரா, திரையிலேயேதான். எல்லாம் சிதறிக் கெடக்குதேன்னு நேத்து அத்தனையையும் அள்ளி ஒரு ஃபோல்டருக்குள்ள போட்டேன்.

— அதான் விஷயம். பிளேயர் இன்னும் பழைய எடத்துலயே தேடிக்கிட்டிருக்கு. வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவரை, பழைய வீட்டுக் கதவைத் தட்டித் தேடினா எப்படிக் கெடைப்பாரு? ஃபோல்டரைத் திறங்க. பாட்டை மவுஸால பிடிச்சு அப்படியே இழுத்து பிளேயருக்குள்ள விடுங்க.

— பிடிச்சேன்... இழுத்தேன்... விட்டேன். டீச்சரம்மா! ஓடுது! கீழ கோடு நகருது!

— சபாஷ்! சத்தம்?

— அது மட்டும் வரல.

— திரை மூலையில குட்டியா ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். அதுக்குக் குறுக்கால கோடு ஏதாவது?

— இல்ல, சுத்தமா இருக்கு.

— பிளேயருக்குள்ளேயே சத்தத்துக்குத் தனியா ஒரு கோடு இருக்குமே. அது எங்க நிக்குது?

— அடி மட்டத்துல. அடப்பாவமே, இதுக்குத் தனிக் குழாய் வேறயா? மெயின் வால்வைத் திறந்து விட்டுட்டு, குளியலறைக் குழாயை மூடி வச்சிருக்கேன்.

— பிளம்பருக்கு எல்லாமே குழாய்தான்! ஆனா சொன்னது சரி. தூக்கி விடுங்க.

— தூக்கிட்டேன். உச்சிக்கே கொண்டு போயிட்டேன்.

— ஐயோ, அங்க என்ன அப்படி ஒரு சத்தம்?

— சமையக்கட்டுல சட்டி விழுந்துச்சு. கோவத்துல போடறா போல. காலையிலருந்தே முகம் சரியில்ல.

— பாட்டுச் சத்தமா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன்.

— எனக்கும் அந்த ஆசைதான். கோடு குடுகுடுன்னு ஓடுது, சத்தத்தைக் காணோம்.

— சரி, பாதியில வைங்க. இல்லேன்னா திடீர்னு வந்து தூக்கிப் போட்டுடும். ஸ்பீக்கர்ல விளக்கு எரியுதா?

— பச்சையா எரியுது.

— பாட்டு பாட்டுக்கு ஓடட்டும். பின்னாடி வயரைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பாருங்க.

— அதுக்கு மேஜைக்கு அடியில நுழையணும். இரு... எத்தனை வீட்டு சிங்க் அடியில படுத்து எழுந்திருச்சிருப்பேன், என் சொந்த மேஜைக்கு அடியில முட்டி மடங்க மாட்டேங்குது... ஆ!

— என்னாச்சு?

— மண்டை இடிச்சுடுச்சு. ஒரே வயர்க் காடு. இது லைட்டோடது... இதுவா... ம், இதான். பிடுங்கி, தூசி ஊதி, சொருகியாச்சு. இரு, எந்திரிச்சுக்கறேன். ம்ஹூம். ஒண்ணும் மாறல. பாட்டே முடிஞ்சு போய், மறுபடி முதல்லருந்து தானா ஓடுது.

— 'திரும்பத் திரும்பப் போடட்டுமா'ன்னு கேட்டிருக்கும், அதுக்கும் ஓகே சொல்லியிருப்பீங்க.

— சொல்லியிருப்பேன்.

— நிறுத்துங்க. பிளேயரை ஒரு தடவை மூடித் திறப்போம்.

— நிறுத்திட்டேன். மூடியாச்சு... ஏய், இரு. உன் அக்கா வந்து நிக்கறா.

— எங்க?

— கதவுகிட்ட. என்னையே பாக்கறா. ஏம்மா, என்ன வேணும்? ... திரும்பிட்டா. புடவைத் தலைப்பால கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போறா.

— அழறாளா?

— வெங்காயம் நறுக்கறான்னு சொல்லி மனசைத் தேத்திக்கலாம். ஆனா நான் போன்ல கத்தறதைப் பாத்துட்டா. இந்த மனுஷன் எனக்காக இவ்வளவு மல்லுக்கட்டியும் ஒண்ணும் நடக்கலியேன்னு நெனச்சிருப்பா. டீச்சரம்மா, விட்டுடலாமா?

— விடறதா? நல்லாருக்கே! அக்காவுக்குக் காது போனப்ப ஊரே அவளை விட்டுடச் சொல்லுச்சு. நீங்க விட்டீங்களா? உங்க உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கத் தோதா இருக்கணும்னு, ஆசை ஆசையா வளத்த மீசையை மறுநாளே மழிச்சுட்டு வந்து நின்னீங்க. உங்களை அடையாளம் தெரியாம எங்கம்மா 'யாரு நீங்க'ன்னு கேட்டாங்க. அப்பேர்ப்பட்ட ஆளு, இன்னைக்கு ஒரு பொட்டிகிட்ட தோக்கறதா?

— சரி சரி, மீசையை இழுக்காத.

— எடுத்தாச்சே, எதைப் பிடிச்சு இழுக்கறது?

— உன் வாய்க்கு நீ டீச்சரா ஆகலைன்னாத்தான் ஆச்சரியம். பிளேயரைத் திறந்துட்டேன். பாட்டையும் போட்டுட்டேன். கோடு ஓடுது. சத்தம் இல்ல. பழைய குருடி கதவைத் தி... வேணாம், விடு. ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல, சொல்லுங்க.

— மேல தொட்டியில தண்ணி இருக்கு. மெயின் வால்வு திறந்திருக்கு. மீட்டர் முள்ளு சுத்துது. ஆனா குழாயில சொட்டு வரல. நான் போய்ப் பாத்தா என்ன சொல்லுவேன் தெரியுமா?

— குழாய் அடைப்புன்னு.

— அதான் இல்ல. அடைச்சிருந்தா மீட்டர் சுத்தாது. மீட்டர் சுத்துதுன்னா தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கு. நம்ம வீட்டுக்கு வரல, அவ்வளவுதான். எவன் தோட்டமோ நனைஞ்சுக்கிட்டிருக்கும்.

— மாமா!

— சிரிக்காதேன்னேனே.

— சிரிக்கல! கோடு ஓடுது, அப்படின்னா சத்தமும் எங்கயோ போகுது. வருதா வருதான்னே பாத்துக்கிட்டிருந்தோம், எங்க போகுதுன்னு பாக்கவே இல்ல. இதை நான் முதல்லயே கேட்டிருக்கணும். அந்தக் குட்டி ஸ்பீக்கர் படத்தை அமுக்குங்க. பக்கத்துல ஒரு அம்புக்குறி வரும், அதையும் அமுக்குங்க.

— அமுக்கினேன். ரெண்டு பேரு வருது. கீழ 'ஸ்பீக்கர்'னு இருக்கு. மேல ஏதோ எழுத்தும் நம்பருமா, லாரி நம்பர் மாதிரி இருக்கு. டிக் அந்த லாரிகிட்டதான் இருக்கு.

— அது என்ன? வயர் இல்லாத ஹெட்போன் ஏதாவது வாங்கினீங்களா?

— நானா? ஒண்ணும் வாங்கல. நேத்து நாங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்திருந்தப்ப, 'பக்கத்துல புதுசா ஒண்ணு இருக்கு, சேத்துக்கட்டுமா'ன்னு ஒரு பெட்டி கேட்டுச்சு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொல்லுவேன்?

— உங்களை என்ன பண்றது! பக்கத்து வீட்டுக்காரரோட ஸ்பீக்கரா இருக்கும். இத்தனை நேரம் நானும் அக்காவும் அவர் வீட்டுக் கூடத்துல கச்சேரி பண்ணியிருக்கோம்!

— நான் சொல்லல? தோட்டம் நனைஞ்சிருக்கு!

— டிக்கைக் கீழ இருக்கற 'ஸ்பீக்கர்'ல மாத்துங்க.

— மாத்தறேன்...

— மாமா! கேக்குது! போன்லயே கேக்குது! அந்தக் கீச்சுக் குரல் நான்தான்!

— வந்துடுச்சு! அடி சக்கை! ஜன்னல் கண்ணாடி அதிருது! ஜெயிச்சுட்டோம் டீச்சரம்மா!

— அக்காவைக் கூப்பிடுங்க, சீக்கிரம்!

— கூப்பிடவே வேணாம், கரண்டியோட ஓடி வர்றா. ஏம்மா, என் உதட்டைப் பாரு. பாட்டு சரியாயிடுச்சு!

— யாருங்க அதை மாத்தினது?

— எதைம்மா?

— பாட்டை. இவ்வளவு நேரம் நல்லாத்தானே பாடிச்சு? இப்ப எதுக்கு மறுபடி தகர டப்பாவா ஆக்கி வச்சிருக்கீங்க?

— பாடிச்சா? எங்க பாடிச்சு?

— எங்கன்னா? என் காதுக்குள்ளதான். முதல்ல ஒரு அலறல், கையில இருந்த சட்டியைக் கீழ போட்டுட்டேன். அப்புறம் மெதுவா, தெளிவா, ஒவ்வொரு எழுத்தும்... அப்பா டேப்பை அமுக்கிட்டு இருமுவாரே, அதுகூடக் கேட்டுச்சுங்க. நடுவுல நிறுத்திட்டீங்களேன்னு வந்து பாத்தேன். யாரோடயோ போன்ல கத்திக்கிட்டிருந்தீங்க. திரும்பப் போடுவீங்கன்னு அடுப்புகிட்டயே நின்னுக்கிட்டிருந்தேன், மறுபடி பாடிச்சு.

— மாமா, அந்த லாரி நம்பர்...

— என்ன டீச்சரம்மா?

— அது பக்கத்து வீடு இல்ல மாமா! அது அக்காவோட காது மிஷின்! பாட்டு வயர் இல்லாமலே நேரா அதுக்குள்ள போயிருக்கு! நேத்து நீங்க ஓகே சொன்னது அதுக்குத்தான்! மாத்துங்க, டிக்கைத் திரும்ப மேலயே வைங்க!

— வச்சுட்டேன். ஏம்மா, வருதா?

— உஷ். பேசாதீங்க. வருது.

— டீச்சரம்மா, இங்க ஸ்பீக்கர் ஊமையாயிடுச்சு. எனக்கு ஒண்ணுமே கேக்கல.

— எனக்கும் கேக்கல மாமா. கேக்காததுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதான் முதல் தடவை. அவ என்ன பண்றா, சொல்லுங்களேன்!

— கண்ணை மூடிக்கிட்டிருக்கா. கரண்டியால மேஜையில தாளம் போடறா. அழுதுக்கிட்டே சிரிக்கறா. நாளைக்கு எந்த டாக்டர்கிட்டயும் எதையும் திருப்பிக் குடுக்கப் போறதில்ல, எழுதி வச்சுக்க!

— பாட்டு எது வரைக்கும் வந்திருக்குன்னு கேளுங்க மாமா.

— பொறுன்னு கையைக் காட்டறா. ... இப்ப உன்னைக் கேக்கறா. இந்தாம்மா, போன்.

— ஏய் வாலு, நல்லாக் கேட்டுக்க. ரெண்டாவது சரணத்துல சுருதியை விட்டது நான் இல்லடி, நீதான்.