அட்டென்டன்ஸ் நோட்டில் சிவப்பு வட்டம்

அந்த ஓரத்துல தூங்குற அண்ணாச்சிய எழுப்பாதீங்க. நேத்து பூரா கோயில் உச்சில கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டுனவரு, பாவம். மத்தவங்க கேளுங்க... இன்னைக்குப் பிரசங்கத்துல சின்னதா ஒரு கதை சொல்லுதேன்.

பாளையங்கோட்டை பக்கம் எமிமாள்னு ஒரு அம்மா. ரெண்டு பிள்ளைய. காலேப்புக்குப் பத்து வயசு, பெர்சிஸுக்கு ஏழு. இந்த அம்மா பிள்ளைகள ஸ்கூலுக்கே அனுப்பல! வீட்லயே வச்சுச் சொல்லிக் குடுக்காங்க. ஏம்மான்னு கேட்டேன். "பிள்ளைய எங்க கூடவே வளரட்டும் ஐயா. ஜெபமோ பாடமோ சாப்பாடோ, எல்லாம் ஒண்ணா இருக்கணும்"னாங்க. நல்ல ஆசைதான... யாரு குத்தம் சொல்ல முடியும்?

யாருன்னா கேக்கீங்க! ஊரே சொல்லிச்சு. கல்யாண வீட்ல ஒரு அக்கா, "பாப்பா, நீ எந்த கிளாஸ்?"னு கேட்டாங்க. பெர்சிஸ் யோசிக்கவே இல்ல. "அடுப்படிக்குப் பக்கத்து ரூம்"னுட்டா.

எமிமாளோட வீட்டுக்காரரு ஜெயசிங். அவருக்கு ஒரு அண்ணன், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். அவர் ஜூன் மாசமே கறாரா சொல்லிட்டாரு. "கிறிஸ்மஸுக்கு வருவேன். ரெண்டு பேருக்கும் பரீட்சை வைப்பேன். தேறலன்னா ஜனவரில ஸ்கூல்ல சேத்திரணும்." ஜெயசிங் அண்ணன் பேச்சத் தட்ட மாட்டாரு. தலைய ஆட்டிட்டாரு.

அதுல இருந்து அந்த அம்மாவுக்கு ஒரே படபடப்பு. டிசம்பர் பிறந்துட்டு... மழை விட்டுட்டு, பக்கத்து வீட்ல அச்சு முறுக்கு சுடுத வாசம் வருது, தெருவெல்லாம் ஸ்டார் ஏறிட்டு. இந்த வீட்ல? பாடப் போர்ஷன்! போர்ஷன் முடியல! ஒரு கைல புஸ்தகம், ஒரு கைல போன். போன்ல இவங்கள மாதிரி வீட்ல படிக்க வைக்கிற அம்மாமாரு குரூப்பு. ஒருத்தங்க பிள்ளை வயலின் வாசிக்குது, இன்னொருத்தங்க பிள்ளை பைபிள்ல உள்ள சங்கீதத்த வரிசையா ஒப்பிக்குது. அதப் பாத்துக்கிட்டே இருக்காங்க, போனக் கீழ வைக்கல. நம்ம வீட்லயும் இந்தக் கதைதான... ஏன் அக்கா குனிஞ்சுட்டீங்க?

அந்த வீட்ல ஒரு வழக்கம் உண்டு. காலைல ஜெபம் முடிஞ்சதும் அட்டென்டன்ஸ் எடுப்பாங்க. இருக்கது ரெண்டு பிள்ளைய, அதுக்கு ஒரு நோட்டு! பேரக் கூப்பிட்டா "உள்ளேன்"னு சொல்லணும். சொன்னா நீல டிக்கு. சொல்லாட்டி சிவப்பு வட்டம். டிசம்பர் ஒண்ணாந் தேதி பெர்சிஸ், "அம்மா, இனி நான் எடுக்கேன்"னா. ஒரு வேலை குறைஞ்சுதுன்னு குடுத்துட்டாங்க. அவ சும்மா இருப்பாளா? அம்மா அப்பா பேரையும் சேத்துட்டா.

"காலேப்?"

"உள்ளேன் டீச்சர்."

"அப்பா?"

குளிக்கிற ரூமுக்குள்ள இருந்து சத்தம். "உள்ளேன் டீச்சர்!"

"அம்மா?"

...

"அம்மா?"

"ம்... ரெண்டாம் பாடத்த எடு பாப்பா."

அம்மா கண்ணு போன விட்டு எடுக்கல. பிள்ளை சிவப்புப் பேனாவ எடுத்தா. வட்டம்.

இருபத்தி மூணாந் தேதி ஹெட்மாஸ்டர் வந்துட்டாரு. "வாங்க அத்தான்"னு எமிமாள் காப்பி குடுக்காங்க. அவரு உக்காந்தாரு. பழைய பழக்கம் விடுமா? "மொதல்ல அட்டென்டன்ஸ் நோட்டக் கொண்டா!" கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாசிக்காரு.

"காலேப், சரி. பெர்சிஸ், சரி. ஜெயசிங் ரெண்டு நாள் வரல... இவன் படிக்கும்போதே அப்படித்தான். இது யாரு, அம்மா? ஒண்ணாந் தேதி வரல. ரெண்டாந் தேதி வரல. ஞாயித்துக்கிழமைய விட்டா ஒருநாளும் வரலியே! ஏம்மா, நீ எங்க போயிருந்த?"

"நான் எங்கயும் போகல அத்தான். வீட்லதான் இருந்தேன்..."

பெர்சிஸ் எந்திச்சா. "ஆமா பெரியப்பா, வீட்லதான் இருந்தாங்க. ஆனா கூப்பிட்டா உள்ளேன்னு சொல்லல. சொல்லாட்டி வட்டம் போடணும்னு அம்மாதான் சொன்னாங்க."

பிள்ளை கோள் சொல்லல, பாருங்க. ரூலச் சொல்லிச்சு. அந்த அம்மா அப்படியே உடைஞ்சுட்டாங்க. "எங்கூட இருக்கணும்னுதான வீட்ல வச்சேன்... நான் அவங்க கூட இல்லாம போயிட்டேனே அத்தான்!"

அழுது முடிச்சு, போன அலமாரில வச்சாங்க. பிள்ளை முன்னால தரையில உக்காந்தாங்க. "பாப்பா... இப்போ ஒருதடவ கூப்பிடு."

"அம்மா?"

"உள்ளேன் டீச்சர்."

நீலப் பேனாவத் தேடி எடுத்தா. "பழைய வட்டத்தையெல்லாம் அழிக்கவாம்மா?"

"வேண்டாம். அது இருக்கட்டும். இன்னைக்கு உள்ளதப் போடு."

பரீட்சை நடந்துச்சு, விடல மனுஷன். காலேப் வகுத்தல்ல கோட்டை விட்டுட்டான். பெர்சிஸுக்கு மூணு எழுத்துப் பிழை. எமிமாள் அவர் முகத்தையே பாக்காங்க. ஹெட்மாஸ்டர் நோட்ட மூடுனாரு. "பிள்ளைய ரெண்டும் சுமார்தான். ஆனா டீச்சர் இன்னைக்குத்தான வேலைக்கு வந்திருக்காங்க! வந்த அன்னைக்கே ஸ்கூல மூடுனா நல்லாவா இருக்கும்? ஜூன்ல வாரேன்."

இதை ஏன் சொல்லுதேன்? வீட்ல படிக்க வைக்கவா, ஸ்கூல்ல படிக்க வைக்கவான்னு நான் தீர்ப்புச் சொல்ல வரல. அது உங்க பாடு. நான் கேக்கது ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்ல ஒரு நோட்டு இருந்தா... உங்க பேருக்கு நேர என்ன இருக்கும்? டிக்கா... வட்டமா? அப்பாமாரே, சிரிக்காதீங்க, உங்களையும் சேத்துத்தான். இந்தப் பிரசங்கியாரையும் சேத்துத்தான். என் வீட்டம்மா முன்வரிசைல இருந்து முறைக்காங்க, எனக்குத் தெரியுது.

நம்ம வாசல்ல ஸ்டார் கட்டியாச்சு. அதுக்குக் கீழ இம்மானுவேல்னு எழுதியாச்சு. அப்படின்னா என்ன? கடவுள் நம்ம கூட இருக்காரு! மேல இருந்துகிட்டே "ம்... ம்..."னு கேக்கல அவரு. இறங்கி வந்தாரு. மாட்டுத் தொழுவத்துல, ஒரு தாய் மடில, வந்து உக்காந்தாரு. அவரு "உள்ளேன்"னு சொல்லிட்டாரு. இப்போ வீட்டுக்குப் போவீங்க. உங்க பிள்ளை "அம்மா"ன்னு கூப்பிடும், "அப்பா"ன்னு கூப்பிடும். கைல இருக்கதக் கீழ வைங்க. முகத்தப் பாருங்க. பழைய வட்டம் எத்தன இருந்தாலும் இருக்கட்டும்... இன்னைக்கு உள்ளதுக்குப் பதில் சொல்லுங்க.

எங்க, எல்லாரும் ஒருதடவ சத்தமா சொல்லுங்க பாப்போம்...

உள்ளேன்!