கெடாத வெண்ணெய்

தலைமை இருக்கையை நிறைத்து, நிரம்பி, வழிந்து வீற்றிருக்கும் வெண்ணெய் வணிகர் திலகம் ஹாஜி பென்னாசர் அவர்களே! சங்கத்துப் பெரியவர்களே! மகள் பிறந்தவுடன் வெண்ணெயில் உப்பைப் பிசைந்து, சட்டியில் அடைத்து, முற்றத்து மண்ணில் புதைத்துவைத்த ஸெஃப்ரூ நகரத்துத் தாய்மார்களே! தையற்கடை ஹம்முவின் ஸலாம்.

ஹாஜிக்கு இன்று பட்டு மேலங்கி போர்த்துகிறார்கள். நெடுநாள் வாடிக்கையாளன் என்று என்னைப் புகழ்ந்து பேச அழைத்தார்கள். புகழாமல் விடுவேனா?

கொழுப்பில்தான் எத்தனை குணம்! ஒலிவ எண்ணெய் குளிரில் உறையும், வெயிலில் உருகும். ஆட்டுக்கொழுப்பு தன்னுள் மூழ்கிய இறைச்சியை மாதக்கணக்கில் காக்கும். பாலின் கொழுப்போ மண்ணுக்குள் கிடந்து, மெல்ல மெல்ல உடைந்து, மூக்கைத் துளைக்கும் வாடை விடும். அந்த வாடைதானே நம் வீட்டுப் பெருமை? அதற்காகத்தானே கல்யாணத்தன்று பெண் வீட்டுச் சட்டியை எல்லார் முன்னாலும் திறக்கிறோம்?

என் மகள் மஹ்ஜூபாவின் கல்யாணத்தில் திறந்தோம். வாடை இல்லை. புதைத்த அன்றிருந்த அதே வெள்ளை! பண்டம் கெட்டுவிடுமோ என்று உலகம் அஞ்சும். கெடவில்லையே என்று நான் கூசி நின்றேன். மாப்பிள்ளையின் அத்தை தொட்டு நாக்கில் வைத்தாள். மெழுகாக ஒட்டியது.

"மக பொறந்தப்போ புதைச்சதுன்னீங்க, ஹம்மு ஐயா. இது போன வாரம் கடையில வாங்கினது. அப்போ பொண்ணப் பத்திச் சொன்னதுல எது நெசம்?"

என் மகள் தலை குனிந்தாள். இன்றும் அந்த வீட்டில் அவள் சமைத்த கூஸ்கூஸை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உண்கிறார்கள். வயிறெரிகிறது, ஐயா!

அது யார் கடை வெண்ணெய்? எண்ணெயை இறுக்கி, வெளுத்து, வெண்ணெய் என்று விற்றது யார் கை?

அவருக்கென்ன தெரியும், கம்பெனிக்காரன் கலந்திருப்பான் என்கிறார் முன்வரிசைக்காரர். நானும் அப்படித்தான் நம்பினேன், போன வியாழன் சந்தைவரை. மலையிலிருந்து வெண்ணெய் கொண்டுவரும் பெண்ணிடம் எனக்கு முன்னால் நின்றவர் நம் ஹாஜி. ஊருக்கே வெண்ணெய் விற்பவர் வெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கிறார்! அவளே சிரித்துவிட்டாள். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பேத்தி பொறந்திருக்கா தாயி. சட்டியில புதைக்கணும். நம்ம கடைச் சரக்கு ஆகாது."

ஆகாதாம்! தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் விற்றிருக்கிறார்.

அந்தப் பேத்தி நீடு வாழட்டும். அவள் சட்டி தெருவெல்லாம் மணக்கட்டும். குழந்தை என்ன பாவம் செய்தாள்? ஆனால் ஹாஜி அவர்களே, இதோ என் மகளின் சட்டியை உங்கள் மேசைமேல் வைக்கிறேன். மேலங்கியோடு இதையும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். எத்தனை காலம் வைத்தாலும் கெடாது.

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. அவையோர் அனைவருக்கும் ஸலாம், தலைவர் நீங்கலாக.